எருத்துக் கம்பி

இதை யாரிடமும் காட்டிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உன் அப்பாவிடம்கூட வேண்டாம். நீ இருக்கிற இடத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் வீட்டுக்கணக்கு போடுகிறேன் என்று சொல்லி மடித்து வைத்துக்கொள். உனக்குப் பொய் சொல்ல வராது, பாதியில் சிரித்துவிடுவாய். இந்த ஒரு தடவை சிரிக்காமல் சொல்லிவிடு.

நெல் குதிர் இருக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்குக் கொண்டி போட்டிருக்கிறேன். வெளிச்சம் கதவிடுக்கில் தெரியாமல் இருக்க, சிமினி விளக்குக்கு முன்னால் முறத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ போன நாளிலிருந்து ஊரில் கரண்டு இல்லை. எல்லார் வீட்டிலும் பழையபடி மண்ணெண்ணெய் வாடை.

என் மடியில் ஒரு கம்பிச் சுருள் கிடக்கிறது. சவுக்காரமும் ஈரத்துணியும் கலந்த வாசனை அடிக்கிறது. இன்று சாயங்காலம் வரைக்கும் அது எங்கள் கொல்லையில் துணி காயப்போடுகிற கொடியாக இருந்தது. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்பது எல்லாரையும்விட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஊரில் இருந்த ஒவ்வொரு கம்பத்துக் கம்பியையும் உனக்குத் தெரியுமே.

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான். அதை உன்னிடம் சொன்னதில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாயோ என்று பயந்திருக்கிறேன். இப்போது நீ இல்லை. பொறாமை மட்டும் போகவில்லை.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கோடையில். அரிமளத்துப் பக்கமிருந்து மாட்டுவண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிகளில் தண்டவாளம் மாதிரி நீளநீளமாக இரும்புக் கம்பங்கள். கடைசி வண்டியில் கம்பி சுற்றிய பெரிய உருளை. அதன்மேல் நீ, ராணி மாதிரி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வண்டிக்குப் பக்கத்தில் உன் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார். எங்கள் தெருப் பெண்கள், “போஸ்ட்டு மரம் வந்துருச்சு, போஸ்ட்டு மரம் வந்துருச்சு” என்று ஓடி வந்தார்கள். நீ மேலேயிருந்து சிரித்தாய்.

“இரும்பைப் போய் மரம்ங்கிறாங்கப்பா!”

“அம்மாடி, வாயை மூடிக்கிட்டு எறங்கி வா. வெயிலு கொளுத்துது.”

“நீ முதல்ல தண்ணி குடிப்பா. அப்பறம் நான் எறங்குறேன்.”

எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அப்பாவைப் பார்த்து ‘நீ’ என்கிறாள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு, சரி என்று சொல்லி, செம்பை வாங்கித் தண்ணீர் குடிக்கிறார்! எங்கள் வீட்டில் அய்யாவிடம் எனக்கு ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ தவிர வேறு பேச்சு கிடையாது. அய்யா என்னைக் கூப்பிடுவது ‘ஏ புள்ள’. அதுவும் ஏதாவது வேலை இருந்தால். அவர் குழைந்து பேசுவதெல்லாம் செவலையிடம்தான். மஞ்சுவிரட்டில் ஒருத்தர் கையிலும் பிடிபடாத மாடு என்று அதன்மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. கண்மாயில் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டே, “என் ராசா, என் சிங்கம், கண்ணை மூடிக்கடா” என்று கொஞ்சுவார். நான் மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவள். அன்றிலிருந்து உன்னைப் பார்த்து.

‘அம்மாடி’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் அப்படிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து, அடுப்படியில் தனியாக இருந்தபோது, எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை. யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் வயல் கிணற்றுக்கு மோட்டார் போட்டார்கள். அதற்காக வயல் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டார்கள். எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரிகிற கம்பம். அதற்குப் பக்கத்தில் உன் அப்பாவும் ஆட்களும் குழி தோண்டிய அன்று நாம் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? செம்மண்ணும் சரளையுமாக மண் கடப்பாரையைத் திருப்பி அடித்தது. மார்பளவு குழிக்குள் ஒரு குழாயை நிறுத்தி, சுற்றிலும் கொஞ்சம் கரி, அதன்மேல் கொஞ்சம் உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று கொட்டினார்கள். மீமிசல் பக்கத்திலிருந்து வந்த கல்லுப்பு. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு விடவில்லை.

“என்னங்க லைன்மேன் தம்பி, மரத்துக்கு ஊறுகாயா போடுறீங்க?”

“ஆமாங்கத்தா. ஊறட்டும். அடுத்த வருஷம் ஆளுக்கு ஒரு துண்டு தாரேன்.”

“எலுமிச்சங்கா போடலையே?”

“அது உங்க வீட்டுல இருந்து வரணும்.”

உன் அப்பாவுக்கு எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம். குழியை மூடி, கம்பத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே ஆணி முடுக்கி, அதிலிருந்து கீழே குழாய் வரைக்கும் தடித்த கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினார். எங்கள் அய்யா அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“இது என்ன கம்பிங்க?”

“இதுங்களா? எர்த்துக் கம்பி.”

“எருத்துக் கம்பியா?” அய்யா இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். முகத்தில் மெய்யான சந்தோஷம். “பரவாயில்லையே. சர்க்காருல எருத்தையும் நெனச்சுப் பாத்திருக்காங்களே!”

உன் அப்பா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீ வரப்பிலேயே உருண்டாய். சிரித்து முடித்து அவர் சொன்னார்: “ஆமாங்கய்யா, எருத்துக் கம்பியேதான். கரண்டுங்கிற எருத்தைக் கட்டிப்போடுற கம்பி. அது அத்துக்கிட்டு ஓடி வந்தாலும் நேரா மண்ணுக்குள்ள போயிரும். மனுசரை முட்டாது.”

எவ்வளவு அழகாகச் சொன்னார். ஆனால் ‘எருத்துக் கம்பியேதான்’ என்றவுடன் அய்யா தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். களை எடுத்த பெண்களும் அதுவரைக்கும்தான் கேட்டார்கள். மீதியைக் கேட்டது நானும் நீயும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அந்தக் கம்பிக்கு அதுதான் பெயர். உன் அப்பாவே அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். அப்படிச் சொன்னால் டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்களே. கொஞ்ச நாளில் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் ஒரு மாடு கட்டியிருந்தது. உன் அப்பா சைக்கிளில் வந்து கத்துவார்.

“யோவ், மாட்டை அவுருங்கய்யா! கம்பி அந்து போயிரும்!”

“எருத்துக் கம்பின்னு நீதானப்பா சொன்ன?”

“நான் சொன்னது வேற எருத்துய்யா!”

“ஏன், எங்க எருத்துக்கு என்ன கொறச்சல்?”

அவருக்குக் கோபம் நிற்காது. சிரித்துவிடுவார். அவர்கள் அவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் கட்டுவார்கள்.

நீ இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டினாய். மேல்துண்டை இறுக்கி, தாடையைத் தூக்கி, “பரவாயில்லையே, சர்க்காருல எருத்தையும்...” என்று அச்சு அசலாக எங்கள் அய்யா மாதிரி. வகுப்பே புரண்டது. டீச்சர்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இடைவேளையில் நீ ஒரு கொய்யாப்பழத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாய்.

“கோவமாடி?”

“இல்ல.”

“உங்க அய்யா அப்புடிச் சொன்னது எனக்குப் புடிச்சுப்போச்சுடி. அதான் செஞ்சேன். எங்கப்பாவையும் செஞ்சு காட்டட்டுமா?”

செய்தாய். அதுவும் அச்சு அசலாக இருந்தது. அப்போதும் எனக்கு உன் பல்லை உடைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. என் அய்யாவை நான்கூட அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. பார்க்கப் பயம். நீ பார்த்திருக்கிறாய்.

அன்றைக்கு நீ என் சிலேட்டில் கம்பமும் கம்பியும் ஓர் ஆளும் வரைந்து காட்டினாய். “கரண்டு தப்பிச்சு வந்துச்சுன்னா கீழ மண்ணுக்குப் போகத்தான் பாக்கும். ஆளு வழியாவும் போகும், கம்பி வழியாவும் போகும். கம்பி வழி அதுக்குச் சுளுவு. கம்பி இருந்தா எல்லாம் அங்கிட்டு ஓடிரும், டப்புன்னு பீசு போயிரும், ஊரே இருட்டாயிரும். அவ்வளவுதான்.” நான் கேட்காத மாதிரி கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் பொறு. கொல்லையில் சத்தம்.

செவலைதான். தலையை ஆட்டுகிறது, மணி குலுங்குகிறது. ஆனால் அய்யா இன்னும் தூங்கவில்லை. இருமல் கேட்கிறது. சீக்கிரம் எழுதுகிறேன்.

கோடையில் அந்தக் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது உன் வேலை. நம் ஊர் மண் காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும், காய்ந்த மண் கரண்டை வாங்காது, உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான், அதற்கும் முதலில் ஈரம் வேண்டுமே என்று உன் அப்பா உனக்குச் சொல்லியிருந்தார். மேலத்தெருக் கம்பங்களுக்கு ஆள் இருந்தது. ஊருணியிலிருந்து எங்கள் வயல் வரைக்கும் உள்ளவை உன் பொறுப்பு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ நடக்கிற நடையில் ஊர்ப் பெண்கள் வழி விடுவார்கள். “லைன்மேன் மக மரத்துக்குத் தண்ணி ஊத்தப் போறா, பூக்கும் பாரு” என்று கேலி செய்வார்கள். நீ நின்று, “பூத்தாச்சு, உங்க வீட்டு பல்புல போய்ப் பாருங்க” என்று திருப்பிக் கொடுப்பாய். எனக்கு அந்த மாதிரி ஒரு பதில் ஒருநாளும் வாயில் வந்ததில்லை. எனக்கு வேலை என்றால் சாணி அள்ளுவதும் பாத்திரம் தேய்ப்பதும்தான். உனக்கு மட்டும் சர்க்கார் வேலை.

ஒருநாள் குடத்தை என்னிடம் கொடுத்தாய். எங்கள் வயல் கம்பத்துக்கு நான் ஊற்றினேன். குழாய் வாயில் தண்ணீர் கொளகொளவென்று இறங்கியது. ஈரக்கரி வாசனை மேலே வந்தது. நீ கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்தாய். எப்போதும் அப்படித்தான் செய்வாய்.

“இங்க வாடி. காத வச்சுப் பாரு. உள்ள யாரோ பாடுறாங்க. கேக்குதா?”

நானும் காதை வைத்தேன். தொலைவில் ஒரு தேனடை மாதிரி, நிற்காமல் ஒரு ரீங்காரம். எனக்கும் கேட்டது. “ஒண்ணும் கேக்கலை” என்றேன். உன் முகம் வாடியதைப் பார்த்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் ஆத்தாவும் உன் பக்கம்தான். அம்மா இல்லாத பிள்ளை என்று உன் தலைக்கு எண்ணெய் வைப்பாள், பின்னிவிடுவாள், கனகாம்பரம் கட்டினால் நீளமானதை உனக்கு வைப்பாள். “அதையும் பாரு, வீட்டையும் பாத்துக்கிட்டு, அப்பனுக்கும் பொங்கிப் போட்டு, படிக்கவும் செய்யுது” என்பாள். ‘அதையும் பாரு’ என்றால் ‘உன்னையும் பாரு’ என்று எனக்குக் கேட்கும். உங்கள் வீட்டுக் கொல்லையில் மிச்சக் கம்பியில் கட்டிய கொடி இருந்தது. எங்களுடையது கயிற்றுக் கொடி. மழை பெய்தால் ஊறித் துணியெல்லாம் கறை பிடிக்கும். “அவங்க வீட்டுல கம்பிக்கொடி. வெள்ளைச் சட்டையப் போட்டா வெள்ளையாவே எடுக்குறாங்க” என்று ஆத்தா அய்யாவிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நீ போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் அய்யா வயலிலிருந்து செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாட்டுக் கயிற்றின் முனையில் ஒரு தடித்த கம்பி தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

“நம்ம வயக்காட்டு மரத்துல கட்டிப்போட்டு, வாய்க்காத் தண்ணியத் திருப்பிட்டு வர்றதுக்குள்ள மெரண்டு இழுத்துருச்சு. கம்பி அப்புடியே வந்துருச்சு” என்றார். பெருமைதான் குரலில். செவலையின் பலம் அப்படி! ஆத்தா கம்பியை எடுத்துப் பார்த்தாள்.

“நல்ல கம்பியா இருக்கே. கொடிக்கு ஆகும்ல?”

“கட்டிக்க. அவன் வந்தா வேற போட்டுக்குவான்.”

அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. முருங்கை மரத்துக்கும் தொழுவத்துக் காலுக்குமாக அய்யா இழுத்துக் கட்டினார். பளபளவென்று இருந்தது. இனிமேல் எங்கள் வீட்டிலும் கம்பிக்கொடி என்று எனக்கு மனசு குதித்தது. என் பச்சைப் பாவாடையைத்தான் முதலில் போட்டேன். நாளைக்கு உன்னை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

இரவு காற்றும் இடியுமாக முதல் கோடை மழை பெய்தது. காலையில் விட்டுவிட்டது. துணியை உதறிப் போடக் கொல்லைக்கு வந்தேன். எங்கள் வயல் கம்பத்தடியில் நீ குடத்தோடு நின்றிருந்தாய். மழை பெய்திருக்கிறதே, இன்றைக்கு எதற்குத் தண்ணீர் என்று நினைத்தேன். மேல்மண்தான் நனைந்திருக்கும், அடிமண் நனையாது என்று நீ சொல்வாய், அதையும் நினைத்தேன். கூப்பிட வாயெடுத்தேன். நீ அதற்குள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துவிட்டாய். வழக்கம்போலத்தான். குடம் கீழே விழுந்தது. நீ அசையவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரொம்பத்தான் பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

என் கை அப்போது கொடிமேல் இருந்தது.

அப்புறம் அய்யா கத்திக்கொண்டு ஓடினார். மூங்கில் கழியால் உன்னைத் தள்ளி விலக்கினார். உன்னை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல், வரப்பெல்லாம் தாண்டி ரோட்டுக்கு ஓடினார். உன் பின்னல் அவர் கைக்கு வெளியே ஆடியது. அய்யா என்னைத் தூக்கியதாக எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. இதற்காகத்தான் யாரிடமும் காட்டாதே என்கிறேன். கம்பிக்காக மட்டும் இல்லை.

மேலே இடி விழுந்து, கரண்டுக் கம்பியைத் தாங்குகிற பீங்கான் விரிந்து, கரண்டு கம்பத்தில் இறங்கியிருந்ததாம். எருத்துக் கம்பி இருந்திருந்தால் இரவே பீசு போயிருக்கும். ஊர் இருட்டாகியிருக்கும். நீ இருந்திருப்பாய்.

இப்போது பள்ளிக்கூடத்தில் உன் இடத்தில் யாரும் உட்காருவதில்லை, பூ வைக்கிறார்கள். டீச்சர் உன் பெயரைச் சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிறார். பெண்கள் அந்தக் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி வேப்பிலை செருகுகிறார்கள். எங்கள் ஆத்தா விளக்கு வைத்துக் கும்பிடுகிறாள். உயிரோடு இருந்தபோதே உன்னை என்னால் ஜெயிக்க முடியவில்லை. சாமியாகிவிட்டாய், இனிமேல் யார் ஜெயிப்பது?

நீ போன அன்று இரவு அய்யா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “அந்த மரத்துல கம்பியே கெடையாது. யாரு கேட்டாலும் அப்புடித்தான் சொல்லணும். ஊர்ல எல்லாரும் அப்புடித்தான் சொல்லப் போறாங்க.” ஊரில் எல்லார் வீட்டு மாடும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கம்பத்தில் கட்டியிருந்ததுதானே. மறுநாளிலிருந்து ஆத்தா அந்தக் கொடியைப் பார்க்காமலேயே துணி போடப் பழகிக்கொண்டாள். கழற்றவும் பயம். கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று யாராவது கேட்பார்கள்.

இன்றைக்குக் குழியைத் தோண்டினார்கள். ஊரே கூடி நின்றது. ஈரக்கரி வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது. ஆபீசர் ஒருவர் குனிந்து பார்த்தார். உன் அப்பா சவரம் செய்யாத முகத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“குழாய் இருக்கு. கரி இருக்கு, உப்பு இருக்கு. கம்பி எங்கய்யா?”

“போட்டேன் சார்.”

“போட்டது எங்க போச்சு? மண்ணு தின்னுருச்சா?”

உன் அப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “நீங்கல்லாம் பாத்தீங்களே. எருத்துக் கம்பின்னு சொல்லிச் சிரிச்சீங்களே. சொல்லுங்கய்யா.” ஒருத்தரும் நிமிரவில்லை. சிரித்தவர்கள் எல்லாரும் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ரொம்ப நேரம் அந்தக் குழியையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “போட்டேன்னுதான் சார் நெனைக்கிறேன்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கம்பத்துக்கு மட்டும் மறந்துவிட்டோமோ, சிரித்துப் பேசிக்கொண்டே விட்டுவிட்டோமோ, நம் பிள்ளையை நாமே கொன்றுவிட்டோமோ என்று. நாளைக்குத் திருச்சியிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறாராம். விசாரித்து எழுதி முடித்துவிடுவாராம். வேலை போகும், ஜெயில்கூட உண்டு என்கிறார்கள். அதெல்லாம் அவருக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. ‘நான்தான்’ என்று அவரே சொல்லிவிடுவார் போல இருக்கிறது. சொல்லிவிட்டால் சாகிறவரைக்கும் அதை நம்பிக்கொண்டே இருப்பார்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தார்.

“அம்மாடி. நீ அவகூடத் தண்ணி ஊத்த வந்திருக்கியே. நீ சொல்லும்மா. கம்பி இருந்துச்சா?”

என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டார். உன் சொல், எனக்கு. எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்! நான் வாய் திறப்பதற்குள் என் தோளில் ஒரு கை விழுந்தது.

“சின்னப் புள்ளைங்க. அதுக்கு என்ன தெரியும்” என்றார் அய்யா.

அந்தக் கை கனமாக, சூடாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதை எடுக்கவில்லை. அய்யா என்னைத் தொட்டுக்கொண்டு நடந்தது இன்றைக்குத்தான். அந்தக் கைக்காகவே ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுகூட இருந்தது. நீ இதற்குச் சிரிக்கமாட்டாய். உனக்கு இதெல்லாம் புரியாது. உனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்ததே.

சாயங்காலம் எல்லாரும் உள்ளே இருந்தபோது கொடியை அவிழ்த்துவிட்டேன். துணிகளைத் தொழுவத்துச் சுவரில் போட்டேன். கம்பியைக் காலில் வைத்து வளைத்துச் சுருட்டினேன், கை கிழிந்துவிட்டது. ஒரு முனையில் உன் அப்பா ஆணிக்காக வளைத்த கண்ணி அப்படியே இருக்கிறது. நசுங்கி நீண்டிருக்கிறது, ஆனால் இருக்கிறது. அவர் வளைக்கிற மாதிரி வேறு யாரும் வளைப்பதில்லை, இரண்டு சுற்றுச் சுற்றி முனையை உள்ளே மடக்குவார், நீதான் காட்டினாய். நடுவில் செவலையின் கயிற்று நார் இறுகிப் பதிந்திருக்கிறது. பார்த்தால் அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் ஒன்றும் பேசவே வேண்டியதில்லை.

விடிந்ததும் பள்ளிக்கூடப் பைக்கட்டில் வைத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதா, கண்மாயில் எறிவதா என்று இவ்வளவு நேரம் எழுதியும் தெரியவில்லை. கொடுத்தால் உன் அப்பாவுக்கு அவர் கையில் நம்பிக்கை திரும்பும். எங்கள் அய்யாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். செவலையை யார் குளிப்பாட்டுவது? கொடுத்தால் நீ மறுபடி ஜெயித்துவிடுவாய். உன் அப்பா தப்பே செய்யாதவர், என் அய்யா தப்பு செய்தவர் என்று ஆகும். இப்படி யோசிக்கிற பெண்ணை நீ ஏன் கூட்டாளி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்?

ஆனால் உன் அப்பா அன்று சொன்னதன் மீதிப் பாதி என்னிடம்தான் இருக்கிறது. நீ போய்விட்டாய், ஊர் கேட்கவே இல்லை. கரண்டுங்கிற எருத்தைக் கட்டிப்போடுற கம்பி. அத்துக்கிட்டு ஓடி வந்தாலும் மனுசரை முட்டாது. அதை நான் எங்கே கொண்டுபோய் எறிவது? கண்மாயில் கம்பிதான் மூழ்கும்.

கொடுக்கத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன். அவர் கையில் வைத்து, ‘நீங்க போட்டிருந்தீங்க’ என்று மட்டும்

கதவு தட்டுகிறது.

விளக்கைக் குறைத்துவிட்டேன். அய்யாதான். கொல்லையில் கொடி இல்லாததைப் பார்த்துவிட்டார் போல. மூச்சு கேட்கிறது. மறுபடி தட்டுகிறார். மெதுவாக, ஆத்தாவுக்குக் கேட்காமல். இப்போது கூப்பிடுகிறார். ‘ஏ புள்ள’ என்று இல்லை.

“அம்மாடி” என்கிறார்.

என்னைத்தான்.

“அம்மாடி, கதவத் தொறம்மா. கம்பி ஒங்கிட்டயா இருக்கு?”

கேட்கிறதா உனக்கு? நான் அதை